கையை ஊன்றாமல் எழுந்திருக்க

வீடு தேடிப் போய் முதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். புதிதாக ஒரு வீட்டுக்குப் போனால் எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் திணித்த பெரிய ஃபைலை முதலில் நீட்டுவார்கள். "அது இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம். ஒரு தடவை எழுந்து உட்காருங்கள் ஐயா" என்பேன். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

நாற்காலியின் கைப்பிடி இரண்டையும் இறுக்கிப் பிடிப்பார். உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி வேகம் கூட்டுவார். பாதி எழுந்து, பொத்தென்று திரும்ப உட்கார்ந்து, சிரித்துச் சமாளிப்பார். "தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேனே அம்மா, அப்புறம் எப்படி?"

நடை நல்லதுதான், விட வேண்டாம். ஆனால் சமதரையில் நடக்கும்போது தொடைக்கு அவ்வளவாக வேலை இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து உடம்பை மேலே தூக்குவது தொடையின் முன்பக்கத் தசையும் புட்டத் தசையும்தான். அவை தளர்ந்தால் கழிவறையிலிருந்து எழவும் ஆள் வேண்டும். நான் பார்த்தவரை, 'இனி இவரைத் தனியாக விட முடியாது' என்று வீட்டில் பேச்சு எழுவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான்.

'இந்த வயதில் இனி என்ன தசை வளரப்போகிறது' என்பவர்களுக்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்வேன். 1990-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. முதியோர் இல்லத்தில் இருந்தவர்கள், வயது 86 முதல் 96 வரை. 8 வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த 9 பேருக்கும் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். 70 வயதில் 'வயதாகிவிட்டது' என்பவரிடம் இதைச் சொன்னால் கொஞ்ச நேரம் பேச்சு வராது.

முதலில் உங்கள் நிலை என்ன என்று பாருங்கள். கைப்பிடி இல்லாத, நேரான முதுகுள்ள நாற்காலி ஒன்று வேண்டும். இருக்கை சுமார் 43 செ.மீ. உயரம் இருக்கட்டும். சுவரில் ஒட்டிப் போடுங்கள், வழுக்காது. கைகளை மார்பில் குறுக்காக மடித்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 65-லிருந்து 69 வயதுக்குள் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11-க்குக் கீழே வந்தால் சராசரிக்குக் குறைவு, கீழே விழும் அபாயம் அதிகம். 75-லிருந்து 79-க்குள் 11, 10. 80-லிருந்து 84-க்குள் 10, 9. கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் கணக்கு பூஜ்யம். மனம் தளர வேண்டாம், அங்கிருந்து தொடங்கியவர்கள்தான் என்னிடம் அதிகம்.

இனி பயிற்சி. சோதனையும் பயிற்சியும் ஒரே அசைவுதான், அதுதான் இதில் வசதி. புட்டத்தை இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்த்துங்கள். பாதங்களை இடுப்பு அகலத்துக்கு வைத்து, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். எழ முடியாமல் தவிப்பவர்களில் பலர் பாதத்தை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டுதான் தவிக்கிறார்கள். அப்புறம் மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாயுங்கள். மூச்சை வெளியே விட்டபடி, தரையை அழுத்தி எழுங்கள். முழங்கால்கள் உள்பக்கம் மடங்கக் கூடாது. நிமிர்ந்து நின்றபின், மனதுக்குள் நான்கு எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்குங்கள். பலரும் எழுவதோடு விட்டுவிட்டு இறங்கும்போது தொப்பென்று விழுகிறார்கள். தசைக்குப் பாதிப் பயிற்சி இறங்குவதில்தான் இருக்கிறது.

முடியவில்லையா? இருக்கை மேல் கெட்டியான மெத்தைத் துண்டு ஒன்றோ இரண்டோ போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். 8 முறை, சற்று ஓய்வு, மறுபடி 8 முறை. வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். கடைசி இரண்டு முறை சிரமமாக இருந்தால் அளவு சரி. எட்டையும் அரட்டை அடித்துக்கொண்டே முடிக்கிறீர்கள் என்றால் மெத்தையை எடுத்துவிடுங்கள். அதுவும் எளிதானால் ஒரு கனமான புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். தசை வலிப்பது இயல்பு. மூட்டு வீங்கினாலோ, மறுநாளும் வலி குறையவில்லை என்றாலோ உயரத்தைக் கூட்டி, எண்ணிக்கையைக் குறையுங்கள். நெஞ்சு வலித்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நாற்காலி வசப்பட்டதும் தரைக்கு வாருங்கள். இதைச் சொன்னால்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். விழுந்து எலும்பு முறியாதவர்கூட, எழ முடியாமல் மணிக்கணக்கில் தரையிலேயே கிடந்தால் உடம்பில் நீர் வற்றி, அழுத்தம்பட்ட இடத்தில் புண் வந்து, தசையும் சிதையத் தொடங்கும். எழத் தெரிந்தவருக்கு அந்த ஆபத்து பெருமளவு குறைவு. மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். மற்றவர்கள் துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, முழங்காலுக்கு மெத்தென்று ஏதாவது போட்டுப் பழகலாம்.

மல்லாந்து கிடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேராக எழுந்து உட்கார முயல வேண்டாம். ஒரு பக்கமாகப் புரளுங்கள். மேலே இருக்கும் கையைத் தரையில் ஊன்றி, கீழே இருக்கும் முழங்கையால் தள்ளி, உடம்பைத் தூக்குங்கள். அப்படியே திரும்பி, கைகளும் முழங்கால்களும் தரையில் படத் தவழும் நிலைக்கு வாருங்கள். அசையாத நாற்காலி ஒன்றின் அருகே தவழ்ந்து போய், இருக்கை மேல் இரண்டு கையையும் வையுங்கள். பலமான காலின் பாதத்தை முன்னால் கொண்டுவந்து தரையில் ஊன்றுங்கள். கையும் அந்தக் காலும் சேர்ந்து தள்ள, இடுப்பைத் தூக்கித் திருப்பி உட்காருங்கள். உட்கார்ந்ததும் உடனே எழாதீர்கள், மூச்சு சீராகட்டும்.

உண்மையிலேயே விழுந்த அன்று இன்னொன்றும் சேரும். இடுப்பில் கடும் வலி, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிந்தால் எழ முயலவே கூடாது. குரல் கொடுங்கள், குளிராமல் போர்த்திக்கொள்ளுங்கள். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

சமநிலைப் பயிற்சிக்குத் தனி நேரம் தேவையில்லை. சமையல் மேடை ஓரம் நின்று, விரல் நுனியால் மட்டும் அதைத் தொட்டுக்கொண்டு, ஒரு குதிகாலை மற்ற காலின் விரலோடு ஒட்டி 10 விநாடி நில்லுங்கள். அப்புறம் ஒற்றைக் காலில். 65 வயதுக்கு மேல் இத்தகைய பயிற்சி வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடையும் அதே கணக்கில் வாரம் 150 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகம்.

வீட்டில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பாசத்தில் அவர்கள் செய்வதுதான் என் வேலையைக் கெடுக்கிறது. பெரியவர் தண்ணீருக்காக எழப் போனால் "நீங்கள் உட்காருங்கள்" என்று மூன்று பேர் ஓடிவருகிறார்கள். காய்ச்சல் விட்ட பின்னும் ஒரு வாரம் கட்டிலிலேயே சாப்பாடு. ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கவைத்துப் பார்த்த 2007-ஆம் ஆண்டு ஆய்வில், காலில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. கூட நில்லுங்கள், தடுமாறினால் பிடியுங்கள். ஆனால் எழுவதை அவரே எழட்டும். சாப்பாட்டையும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தே சாப்பிடட்டும்.

புரதமும் குறையக் கூடாது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது தினமும் வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவோடு நில்லுங்கள்.

எழுந்ததும் தலை கிறுகிறுத்தால் அது தொடையின் குறை இல்லை. நின்றவுடன் ரத்த அழுத்தம் இறங்குகிறது. கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழுங்கள். ரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை இரண்டுமே இதைச் செய்யலாம். சாப்பிடும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டி, எதைக் குறைக்கலாம் என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.