வயதான பூனையின் முதுகில் செதில் உதிர்கிறதா? ஷாம்பூவுக்கு முன் செய்ய வேண்டியவை

கறுப்புப் பூனையாக இருந்தால் சட்டென்று தெரியும். இடுப்பிலும் வாலின் அடியிலும் மாவு தூவியதுபோல் வெள்ளைச் செதில், முடியில் பளபளப்பு இல்லை, தொட்டால் சொரசொரப்பு. 10, 11 வயதைத் தாண்டிய பூனைகளிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவில் லெனேசியா, லாடியம் பக்கம் குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றே காய்ந்து கிடப்பதால், பலரும் குளிர்காலத்தின் மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். குளிர்காலம் இதை மோசமாக்கும், ஆனால் காரணம் பெரும்பாலும் வேறு: பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்வதைக் குறைத்திருக்கிறது. நக்கும்போதுதான் தோலில் ஊறும் எண்ணெய் முடி முழுவதும் பரவுகிறது, செத்த செல்களும் உதிர்ந்த முடியும் அகல்கின்றன. அது நின்றால் எல்லாம் அங்கேயே தங்கிவிடும்.

ஆகவே பூனை ஏன் நக்கவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. தோலுக்கு என்ன தடவலாம் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

1. செதில் எந்த இடத்தில் என்று பாருங்கள்

பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக, முடியை எதிர்ப்பக்கமாக விலக்கித் தோலைப் பாருங்கள். இடுப்பிலும் வாலடியிலும் மட்டும் செதில், முகமும் முன்கால்களும் சுத்தம் என்றால், பூனையால் உடம்பைத் திருப்பிப் பின்பக்கத்தை எட்ட முடியவில்லை என்று அர்த்தம். ஒன்று உடல் பருமன், இல்லையென்றால் மூட்டு வலி. 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்ததில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. பூனை நொண்டாது, கத்தாது. முன்பு ஒரே தாவலில் ஏறிய சோபாவில் இப்போது இரண்டு தவணையாக ஏறும், அவ்வளவுதான்.

உடம்பு முழுக்க, முகம் உட்பட, முடி கலைந்து கிடந்தால் வாயைப் பாருங்கள். பல் வலி, ஈறு வீக்கம் இருக்கும் பூனை நக்கவே நக்காது. வட்ட வட்டமாக முடி கொட்டியிருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும், எனவே அந்த இடத்தைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

2. ஈரத்தாள் சோதனை

டர்பன், சாட்ஸ்வர்த், டோங்காட் பக்கம் இருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. கடலோர வெப்பத்திலும் ஈரத்திலும் தெள்ளுப்பூச்சிக்கு ஆண்டு முழுவதும் கொண்டாட்டம்தான்.

வெள்ளை டிஷ்யூ தாளை ஈரமாக்கி விரித்து வையுங்கள். பேன் சீப்பால் வாலடியிலிருந்து முதுகு வரை சீவி, சீப்பில் வந்ததை அதன் மேல் தட்டுங்கள். கறுப்புத் துகள்கள் ஈரம் பட்டதும் செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதாவது செரித்த இரத்தம். பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படாவிட்டாலும் இந்தச் சாட்சி போதும்.

அடுத்து, செதிலைக் கறுப்புத் தாளில் தட்டி ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். செதில் தானாக நகர்ந்தால் அது செயிலெட்டியெல்லா என்ற சிற்றுண்ணி. பூனையை மடியில் வைத்திருப்பவர்களின் கையிலும் வயிற்றிலும் சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்புகள் வந்திருந்தால் சந்தேகம் இன்னும் பலமாகும்.

இரண்டில் எது இருந்தாலும் பூனைக்கென்றே உள்ள மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் எடைக்கேற்பக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் உள்ள எல்லாப் பிராணிகளுக்கும் ஒரே நாளில் போட வேண்டும், தெள்ளுப்பூச்சி என்றால் குறைந்தது மூன்று மாதம் விடாமல் போட வேண்டும். பலரும் ஒரு தடவை போட்டுவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்கிறார்கள். தரையிலும் கம்பளத்திலும் கூட்டுக்குள் இருப்பவை பிறகுதான் பொரிந்து வருகின்றன. நாய்க்கான மருந்தைப் பூனைக்குப் போடவே போடாதீர்கள். அவற்றில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பு வரவைத்துக் கொன்றுவிடும்.

3. எடையும் தண்ணீரும்

குளியலறைத் தராசில் பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், பிறகு தனியாக ஏறிக் கழியுங்கள். குழந்தைத் தராசு கிடைத்தால் இன்னும் துல்லியம். மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள். 4 கிலோ பூனை 200 கிராம் இழந்தால் கவனிக்க வேண்டிய விஷயம், 400 கிராம் இழந்தால் மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறது என்றால் தைராய்டு மிகையாகச் சுரப்பதை முதலில் சந்தேகிக்க வேண்டும், அடுத்தது சர்க்கரை நோய். இரண்டிலும் முடி கெடும்.

தண்ணீரை அளவுக்குவளையால் ஊற்றி, 24 மணி நேரம் கழித்து மீதியை அளந்து பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 மில்லி, சாப்பாட்டில் உள்ள நீரையும் சேர்த்து, போதும். கிண்ணத்திலிருந்து மட்டுமே அந்த அளவைத் தாண்டிக் குடித்தால் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

4. சீவும் முறை

பலன் அதிகம் தருவது இதுதான். இங்கே அவசரப்பட்டால் எல்லாம் கெடும்.

இரண்டு சாமான் போதும்: மென்மையான ரப்பர் பிரஷ், அகலப் பல் சீப்பு. கம்பிப் பல் வைத்த ஸ்லிக்கர் பிரஷ் வேண்டாம். வயதான பூனையின் தோல் மெல்லியது, முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்தி நிற்கும், கம்பி அங்கே கீறிவிடும்.

பூனையை மேசையில் ஏற்றாதீர்கள். அது படுத்திருக்கும் இடத்துக்கு நீங்கள் போய் உட்காருங்கள். கன்னத்திலும் தாடைக்கடியிலும் தொடங்குங்கள், அங்கே சீவினால் பூனைக்குப் பிடிக்கும். பிறகு கழுத்து, தோள், முதுகு. இடுப்பு கடைசியில். முடி வளரும் திசையிலேயே, பிரஷின் எடை மட்டும் படும்படி இழுங்கள். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் போதும், பிறகு மூன்று முதல் ஐந்து நிமிடம். வால் துடிக்கத் தொடங்கினாலோ, முதுகுத் தோல் அலையடித்தாலோ, காது பின்னால் மடங்கினாலோ உடனே நிறுத்துங்கள். அதற்கு மேல் தொடர்ந்தால் நாளை பிரஷைப் பார்த்ததும் கட்டிலுக்கடியில் ஓடிவிடும்.

முதல் சில நாள் செதில் கூடியதுபோல் தெரியும். அடியில் தங்கியிருந்தது மேலே வருகிறது, பயப்பட வேண்டாம்.

சிக்கு விழுந்த இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். சிக்கு தோலையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருக்கும், முடி என்று நினைத்து வெட்டும்போது தோலே கிழியும். சிறிய சிக்கென்றால் அடிமுடியை இரு விரலால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அகலப் பல் சீப்பால் பிரியுங்கள். கெட்டியாகிவிட்டதைக் கிளினிக்கில் மெஷினால் எடுக்கச் சொல்லுங்கள்.

5. சாப்பாடு

உலர் தீனியில் தண்ணீர் 10 சதவீதம் அளவில்தான். ஈரத் தீனியில் 75 முதல் 80 சதவீதம். 85 கிராம் பவுச் ஒன்றில் ஏறக்குறைய 65 மில்லி தண்ணீர் உள்ளே போகிறது. மெதுவாக, ஒரு வாரம் பத்து நாளில் மாற்றுங்கள். சிறுநீரகத்துக்கோ சர்க்கரைக்கோ மருத்துவர் சொன்ன தீனி கொடுத்து வந்தால், அவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது.

புரட்டாசி மாதம் நம் வீடுகளில் மீனும் இறைச்சியும் உள்ளே வராது. பூனைக்கு விரதம் கிடையாது. டாரின், அராகிடோனிக் அமிலம் என்ற சத்துகள் இரண்டும் அதற்கு மாமிசத்திலிருந்துதான் கிடைக்கும். பருப்புச் சோறும் பாலும் ஒரு மாதம் கொடுத்தால் தோல் மட்டுமல்ல, உடம்பே கெடும். பூனைக்கென்று பவுச்சுகளைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தக்காளிச் சாஸில் வரும் டின் பில்ச்சர்ட் மீன் இதற்கு மாற்று அல்ல. உப்பு அதிகம், சிலவற்றில் மிளகாயும் இருக்கும். வெங்காயம், பூண்டு சேர்த்துத் தாளித்த மீன் குழம்பு நஞ்சு.

மீன் எண்ணெய் உதவும். பூனைக்கென்று தயாரித்ததை வாங்கி, லேபிளில் உள்ள அளவில் கால் பங்கில் தொடங்கி இரண்டு வாரத்தில் முழு அளவுக்கு வாருங்கள். பேதியானால் ஒரு படி குறையுங்கள். காட் லிவர் எண்ணெய் வேண்டாம், அதில் வைட்டமின் ஏ, டி சேர்ந்து அளவு மீறும். ஆளிவிதை எண்ணெயும் பயனில்லை, அதிலுள்ள ஒமேகா-3ஐத் தோலுக்கு வேண்டிய வடிவத்துக்கு மாற்றும் திறன் பூனைக்கு மிகக் குறைவு. பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பத்தாம் நாளே நிறுத்திவிடாதீர்கள்.

6. படுக்கையும் குளியலும்

ஹீட்டருக்கு முன்னால்தான் பூனை படுக்கும். தடுக்க முடியாது, ஆனால் படுக்கையை ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி வைக்கலாம், இரவில் ஹீட்டரை அணைத்துக் கம்பளி போடலாம். மூட்டு வலி உள்ள பூனைக்கு மணல் தட்டின் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டிக் கொடுங்கள், சோபாவுக்கு ஒரு படி வையுங்கள்.

குளியல் பெரும்பாலும் தேவைப்படாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்து நன்கு பிழிந்த துணியால் துடைத்தாலே போதும். மருத்துவர் மருந்து ஷாம்பூ கொடுத்தால் மட்டும், அவர் சொன்ன நேரம் ஊறவிட்டு, நுரை துளியும் இல்லாமல் அலசி, சூடான அறையில் துவட்டுங்கள். அலசாமல் விட்ட ஷாம்பூவே புதுச் செதிலை உண்டாக்கும்.

7. தடவக் கூடாதவை

தேங்காய் எண்ணெய் தடவு என்று ஆயா அன்போடுதான் சொல்வார். அது நஞ்சல்ல, ஆனால் முடி பிசுபிசுத்துச் சிக்கு விழும், பூனை நக்கினால் வயிறு போகும். வேப்பெண்ணெய், டீ ட்ரீ எண்ணெய், கற்பூரம் கலந்த தைலம், மனிதருக்கான பொடுகு ஷாம்பூ எதுவும் கூடாது. டெட்டால், முற்றம் கழுவும் ஜேய்ஸ் ஃப்ளூயிட் இரண்டிலும் பீனால் வகைப் பொருள்கள் உண்டு. பூனையின் கல்லீரலால் அவற்றை எளிதில் வெளியேற்ற முடியாது. ஜேய்ஸ் ஊற்றிய ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே ஆபத்து. மூட்டு வலிக்கு என்று பனடோ (பாராசிட்டமால்) கொடுக்காதீர்கள். அரை மாத்திரைகூட ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

8. மருத்துவரிடம் போகும்போது

இதையெல்லாம் நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை என்றால், எடைக் குறிப்பு, தண்ணீர் அளவு, சோபாவில் ஏறும்போது எடுத்த வீடியோ ஆகியவற்றுடன் போங்கள். இரத்தத்தில் தைராய்டு, சிறுநீரகம், சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள், சிறுநீரையும் சோதிக்கச் சொல்லுங்கள். புண், நாற்றம், திட்டுத் திட்டாக முடி கொட்டுதல், ஓயாத அரிப்பு இருந்தால் நான்கு வாரம் வேண்டாம், அந்த வாரமே போங்கள். 24 மணி நேரம் எதுவும் சாப்பிடாத பூனையை, குறிப்பாகக் குண்டான பூனையை, அன்றைக்கே கூட்டிப்போக வேண்டும். பட்டினி கிடந்தால் சில நாட்களிலேயே அதன் கல்லீரலில் கொழுப்பு படிந்து செயலிழக்கத் தொடங்கும்.