ஜப்பானில் பரிமாற்ற மாணவராக முதல் மாதம்: கியோட்டோ அனுபவத்திலிருந்து

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. இரண்டாம் பருவம் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ ஆரம்பமாகும். பரிமாற்ற மாணவர்கள் பெரும்பாலும் இவ்விரு சமயங்களில்தான் வந்து இறங்குகிறார்கள். பாடங்களைப் பற்றிப் பல்கலைக்கழகமே விளக்கிவிடும் என்பதால், முதல் மாதத்தில் நம்மை அலைக்கழிக்கும் அலுவலக வேலைகளையும் குப்பையையும் பற்றியே இங்கு மிகுதியாக எழுதுகிறேன்.

கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் குடிவரவு அதிகாரி கடவுச்சீட்டைச் சரிபார்த்தவுடன் ‘ஸைர்யூ கார்டு’ எனப்படும் வசிப்பு அட்டையை அங்கேயே வழங்கிவிடுவார். பகுதிநேர வேலை பார்க்கும் எண்ணம் சிறிதளவேனும் இருந்தால், அதற்கான அனுமதி விண்ணப்பத்தையும் அப்போதே கொடுத்துவிடுவது நல்லது. பின்னர் இதற்கென்று குடிவரவு அலுவலகத்தில் அரை நாள் வரிசையில் நிற்பது வீண். அனுமதி கிடைத்தாலும், எத்தனை இடங்களில் வேலை செய்தாலும் எல்லாம் சேர்த்து வாரத்திற்கு 28 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பல்கலைக்கழகத்தின் நீண்ட விடுமுறையில் மட்டும் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை வேலை செய்யலாம். பச்சிங்கோ சூதாட்டக் கூடங்களில் தரை துடைக்கும் வேலைக்குக்கூட மாணவர்களுக்கு அனுமதி இல்லை.

தங்குமிடத்தில் குடியேறிய 14 நாட்களுக்குள் வட்டார அலுவலகத்தில், அதாவது ‘குயாகுஷோ’வில், முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அவர்கள் முகவரியை அட்டையின் பின்புறத்தில் பதித்துத் தருவார்கள். அது இல்லாமல் வங்கிக் கணக்கும் கிடைக்காது, தொலைபேசி இணைப்பும் எளிதில் கிடைக்காது. அன்றைய தினமே அதே கட்டிடத்தில் தேசிய நலக் காப்பீட்டில் சேர்ந்துவிடுங்கள். மூன்று மாதங்களுக்கு மேல் தங்குபவர்களுக்கு இது கட்டாயம்; மருத்துவச் செலவில் 30 விழுக்காட்டை மட்டும் நாம் கட்டினால் போதும். 20 வயது நிறைந்தவர்கள் ஓய்வூதியத் திட்டத்திலும் சேர்க்கப்படுவார்கள் என்பதால், சந்தா விலக்கோ ஒத்திவைப்போ உங்களுக்குக் கிடைக்குமா என்று மறவாமல் கேட்டு விண்ணப்பியுங்கள்.

இங்கே தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கடவுச்சீட்டில் குடும்பப்பெயருக்கான இடத்தில் தந்தையின் பெயர் இருந்தால், ஜப்பானில் அதுவே உங்களை அழைக்கும் பெயராகிவிடும். அலுவலகத்தில் என் தந்தையின் பெயரோடு மரியாதைச் சொல்லான ‘சான்’ சேர்த்து மூன்று முறை கூப்பிட்டார்கள்; நானோ வேறு யாரையோ அழைக்கிறார்கள் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பெயரை, ஜப்பானியர் அயல்மொழிச் சொற்களுக்குப் பயன்படுத்தும் கத்தகானா எழுத்தில் எப்படி எழுதுவது என்பதை முதல் நாளிலேயே முடிவு செய்து, எல்லாப் படிவங்களிலும் அப்படியே எழுதுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறாமல் திரும்பிவிடக்கூடும்.

ஜப்பானுக்கு வந்து ஆறு மாதம் ஆகாதவர்களுக்குக் கணக்குத் தொடங்கப் பல வங்கிகள் தயங்கும். அதனால் பெரும்பாலான மாணவர்கள் அஞ்சல் வங்கியான யூச்சோவையே நாடுகிறார்கள். வங்கி தொலைபேசி எண்ணைக் கேட்கும், தொலைபேசிக் கடையோ வங்கிக் கணக்கைக் கேட்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த கடன் அட்டையை ஏற்கும் நிறுவனத்தில் முதலில் சிம் வாங்குவதே இதற்கு வழி. ஆனால் இணையத்துக்கு மட்டுமான சிம் உதவாது, பேசுவதற்கான எண்ணும் இருக்க வேண்டும்.

இனி குப்பைக்கு வருவோம். கியோட்டோவில் எரிக்கும் குப்பையை நகராட்சியின் மஞ்சள் பையில்தான் வைக்க வேண்டும். 2006 முதல் இந்த முறை நடைமுறையில் இருக்கிறது. பைகள் பல்பொருள் அங்காடியிலும் ‘கொன்பினி’ எனப்படும் சிறு அவசரத் தேவைக் கடையிலும் கிடைக்கும். எரிக்கும் குப்பையை வாரம் இரு முறை எடுப்பார்கள். டின், கண்ணாடிப் புட்டி, பெட் பாட்டில் ஆகியவற்றுக்கு ஒரு நாளும் பிளாஸ்டிக்குக்கு வேறொரு நாளும் உண்டு. அவற்றுக்கான பை நிறமற்றது. பெட் பாட்டிலை அலசி, மூடியையும் மேலே ஒட்டிய உறையையும் கழற்றிப் பிளாஸ்டிக்கில் சேர்க்க வேண்டும். அன்று காலை எட்டு மணிக்குள் பையை வைத்து, அதன்மேல் வலையை இழுத்து மூடுங்கள். வலையின் ஓரம் சற்றுத் தூக்கியிருந்தாலும் காகங்கள் மீன் முள்ளைத் தெருவெல்லாம் இழுத்துப் போட்டுவிடும். முதல் வாரம் நான் சாதாரணக் கடைப் பையில் கட்டி வைத்தேன். மாலையில் திரும்பி வந்தபோது மற்ற பைகளெல்லாம் போயிருக்க, என்னுடையது மட்டும் ஒரு எச்சரிக்கைத் தாளை ஒட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது. எதிர்வீட்டுப் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நகராட்சியின் குப்பை நாட்காட்டி ஒன்றை என் கையில் கொடுத்தார்.

சாப்பாட்டில் சைவர்கள் கவனிக்க வேண்டியது ‘தாஷி’ என்னும் சாறு. காய்கறி மட்டும் மிதக்கும் உதோன் என்னும் தடித்த நூடுல்ஸ் சூப்பிலும், புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பிலும்கூடப் பெரும்பாலும் உலர்ந்த கட்சுஓ (சூரை வகை) மீனின் சாறு இருக்கும். அரிசி குட்டையாக, ஒட்டும் பதத்தில் இருக்கும். சாம்பாரைவிடத் தயிருக்கு நன்றாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து. பொட்டலத்தில் விற்கும் மலிவான உணவுகளுக்குக் கடை மூடும் நேரத்தில் பாதி விலை ஒட்டுத்தாள் ஒட்டுவார்கள்.

அவசரத்துக்கு ஆம்புலன்ஸ், தீயணைப்பு இரண்டுக்கும் 119, காவல்துறைக்கு 110. பலமான நிலநடுக்கத்தில் எரிவாயு மீட்டர் தானாகவே அடைத்துக்கொள்ளும். பின்னர் அடுப்பு எரியவில்லையென்றால் பதறாமல், மீட்டரில் எழுதியுள்ளபடி மீள்பொத்தானை அழுத்திச் சிறிது நேரம் காத்திருங்கள். எரிவாயு வாடை வந்தால் மட்டும் எதையும் தொடாமல் வெளியேறி நிறுவனத்தை அழையுங்கள்.

ஊர் திரும்பும் மாதத்தில் மெத்தை, மேசை போன்ற பெரிய பொருட்களைத் தெருவில் போட்டுவிட்டுப் போக முடியாது. நகராட்சியிடம் முன்பதிவு செய்து, கொன்பினியில் கட்டணச் சீட்டு வாங்கி ஒட்ட வேண்டும். மாணவர்கள் கிளம்பும் மார்ச் மாதத்தில் இதற்கு நாள் கிடைப்பது கடினம் என்பதால் சில வாரங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். மிச்சமிருக்கும் மஞ்சள் பைகளை அடுத்து அந்த அறைக்கு வருபவருக்கு வைத்துவிட்டுப் போகலாம்.