இரவில் முகம் காட்டாத கேமரா

வாசலில் மாட்டிய கேமரா பகலில் பளிச்சென்று காட்டியது. இரவில் மட்டும் திரை முழுக்க வெண்புகை. கேட்டருகே யார் நின்றாலும் வெறும் நிழல்தான். கேமராவே பழுது என்று எண்ணி, விலை கூடிய ஒன்றை வாங்கவிருந்தேன். நல்லவேளை, அதற்கு முன் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். கண்ணாடியின் முன்னால் மெல்லிய சிலந்தி வலை, பக்கத்திலேயே வெள்ளைச் சுவர். இருட்டில் பார்க்கக் கேமரா வீசும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி இரண்டிலும் பட்டுத் திரும்பி லென்ஸுக்குள்ளேயே பாய்ந்திருக்கிறது.

வலையைத் துடைத்தேன். கேமராவைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி மாட்டி, கூரை விளிம்பு படத்தில் விழாதபடி சற்றுக் கீழ்நோக்கித் திருப்பினேன். அன்றிரவே கேட்டின் தாழ்ப்பாள்கூடத் தெளிவாகத் தெரிந்தது!

முகம் மட்டும் சிறிதாகவே இருந்தது. அது லென்ஸின் குணம்: 2.8 மி.மீ. லென்ஸ் அகலமாகப் பார்க்கும், தொலைவில் இருப்பதைச் சிறிதாக்கிவிடும். மிச்சம் பிடித்த பணத்தில் கேட்டுக்கென்றே, குறுகலாகப் பார்த்துத் தொலைவைப் பெரிதாகக் காட்டும் 4 மி.மீ. லென்ஸ் கேமரா ஒன்றை வாங்கினேன். மெகாபிக்சலுக்கு முன்பு லென்ஸின் இந்த மி.மீ. அளவைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். மழை படும் இடம் என்பதால், தூசியும் தண்ணீரும் புகாத ஐபி66 தரம். மின்சாரமும் படமும் ஒரே கேபிளில் செல்லும் பிஓஇ வகை. பழையது இப்போது முற்றம் முழுவதையும் பார்த்துக்கொள்கிறது. மாதம் ஒருமுறை ஏணி ஏறி இரண்டையும் துடைத்துவிடுகிறேன்.