டிவி வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

எத்தனை இன்ச் டிவி என்று யோசிப்பதற்கு முன், உட்காரும் இடத்தில் உங்கள் கண்ணிலிருந்து டிவி வரப்போகும் இடம் வரை அளந்துகொள்ளுங்கள். சுவருக்குச் சுவர் அளந்தால் கணக்கு தப்பும்.

கணக்கு சுலபம். திரையின் மூலைவிட்ட அளவைப்போல் (டிவியின் ‘இன்ச்’ என்பது இதுதான்) சுமார் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் போனால், ஃபுல் எச்டி (1080 வரிகள்) படத்தின் புள்ளிகளே சாதாரணப் பார்வைக்குத் தனித்தனியாகத் தெரியாது. 55 இன்ச் டிவிக்கு அது ஏறக்குறைய 7 அடி. பத்து அடி தள்ளி உட்கார்ந்துகொண்டு அதைவிட நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே-வின் கூடுதல் நுணுக்கத்தைத் தேடினால் கிடைக்காது. ஒன்று நாற்காலியை முன்னால் இழுக்க வேண்டும், இல்லை பெரிய திரை வாங்க வேண்டும். (நிறமும் வெளிச்சமும் வேறு விஷயம், அவை எவ்வளவு தூரத்திலும் தெரியும்.)

அப்புறம், நீங்கள் அதிகம் பார்ப்பது பழைய எஸ்டி (குறைந்த துல்லிய) சேனல்கள் என்றால் பெரிய திரை எதிரிதான். அவற்றின் 576 வரிகளை 4கே திரையின் 2160 வரிகளாக இழுக்கும்போது முகமெல்லாம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும்.

சந்தேகமா? 55 இன்ச் என்றால் 122 செ.மீ. அகலம், 68 செ.மீ. உயரத்துக்குச் செய்தித்தாளை ஒட்டிச் சுவரில் மாட்டி, இரண்டு நாள் பாருங்கள்.