முதல் கைத்துப்பாக்கி: டெக்சஸில் நான் இரண்டாம் முறை சரியாக வாங்கிய விதம்

கிரீன் கார்டு வந்த அடுத்த மாதமே ஒரு கைத்துப்பாக்கி வாங்கினேன். என் வீட்டுக்காரருக்கு மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலை. வீட்டில் நானும் இரண்டு பிள்ளைகளும்தான். கடையில் இருந்தவர் என் கையைப் பார்த்துவிட்டு, "பெண்களுக்கு இதுதான் சரி" என்று உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு .380 பிஸ்டலை எடுத்து வைத்தார். 300 கிராம்கூட இருக்காது. நானும் நம்பி வாங்கிவிட்டேன். எட்டே மாதத்தில் அதை நஷ்டத்துக்கு விற்றேன். அதே தவறை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் விசா

எச்1பி, எஃப்1, எல்1 போன்ற தற்காலிக விசாவில் வந்திருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டமே தடை செய்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அதில் இறங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். இது வாங்குவதற்கு மட்டுமான தடை இல்லை. ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடத்தில்) வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் இதற்குள்தான் வரும். "வார இறுதியில் நண்பர்களோடு சும்மா போய்ச் சுட்டுப் பார்த்தோம்" என்று படம் போடுகிற தம்பிகள் இதை இரண்டு முறை படிக்கவும்.

கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். கடையில் ஃபார்ம் 4473 என்ற கூட்டாட்சிப் படிவத்தை நிரப்ப வேண்டும். பிறகு எஃப்பிஐ நடத்தும் நிக்ஸ் (NICS) என்ற பின்னணிச் சோதனை. உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று அந்தப் படிவம் கேட்கும். வாங்க முடியாத நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கித் தருவது கடுமையான குற்றம். டெக்சஸில் இதற்குமேல் காத்திருப்பு எதுவும் கிடையாது. கலிஃபோர்னியாவில் 10 நாள் காத்திருக்க வேண்டும். நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனித்தனி அனுமதிச் சீட்டு.

பெட்டி வாங்கிய பிறகு துப்பாக்கி

டெக்சஸ் சட்டப்படி, தோட்டா போட்ட துப்பாக்கியைப் பத்திரப்படுத்தாமல் விட்டு, அது 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்குக் கிடைத்துவிட்டால் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் பூட்டுப் பெட்டி வேண்டும். கைரேகைப் பெட்டி எனக்குப் பிடிக்கவில்லை. பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு தொட்டால் மூன்று முறையும் திறக்காது. பேட்டரி தேவைப்படாத, பொத்தான்களை வரிசையாக அழுத்தித் திறக்கும் இயந்திரப் பூட்டுதான் என் தேர்வு. இருட்டில் விரல் தடவியே திறந்துவிடலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால் இப்போது வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால், அவர்கள் தேறும்வரை வீட்டுக்கு வெளியே பத்திரமான இடத்தில் வைத்துவிடுங்கள். 988 என்ற எண்ணில் எந்த நேரமும் பேச ஆள் இருக்கிறார்கள்.

வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள்

பல ரேஞ்சுகளில் முதல் முறை தனியாகப் போனால் வாடகைக்குத் துப்பாக்கி தரமாட்டார்கள். தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். பயிற்சியாளரை ஒரு மணி நேரத்துக்கு அமர்த்திக்கொண்டால் இன்னும் நல்லது. கைத்துப்பாக்கிப் பயிற்சியின் முன்னோடியான ஜெஃப் கூப்பரின் நான்கு விதிகளை அவர் முதலிலேயே சொல்லிக்கொடுப்பார்: எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினை; அழிக்கத் துணியாத எதன் மீதும் குழலைத் திருப்பாதே; குறி பார்த்து முடிக்கும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே; இலக்கு எது, அதன் பின்னால் என்ன என்று தெரிந்துகொள். நான்காவது விதி வீட்டுக்கு ரொம்ப முக்கியம். அமெரிக்க வீட்டுச் சுவர் என்பது சுண்ணாம்புப் பலகை. 9 மி.மீ. குண்டு, பட்டதும் முனை விரியும் ஹாலோ பாயிண்டாகவே இருந்தாலும், அதைத் துளைத்துக்கொண்டு பிள்ளைகள் தூங்கும் அறைக்குள் போய்விடும்.

உள்ளரங்க ரேஞ்சில் காதுக்குள் நுரை அடைப்பான், அதன்மேல் காதுறை, இரண்டையும் போடுங்கள். ஒன்று மட்டும் போட்டால் முதல் அரை மணி நேரம் சத்தத்துக்குப் பயப்படுவதிலேயே போய்விடும்.

கை அளவு: நான் மாட்டிக்கொண்ட இடம்

இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

துப்பாக்கி காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு பிடியுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள வளைவு, கைப்பிடியின் பின்புறம் எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே இருக்கட்டும். குழல் உங்கள் முன்னங்கையின் நேர்கோட்டில் வர வேண்டும். இப்போது ஆள்காட்டி விரலின் முதல் சதை ட்ரிகரின் நடுவில் உட்கார்கிறதா? நுனி மட்டும் எட்டினால், அல்லது எட்டுவதற்காகக் கையைச் சுற்ற வேண்டியிருந்தால், உங்களுக்கு அது பெரியது. சுண்டுவிரல் பிடிக்க இடமில்லாமல் அந்தரத்தில் தொங்கினால், அது சிறியது. என் .380ல் சுண்டுவிரல் மட்டுமல்ல, மோதிர விரலும் பாதிதான் பிடித்தது.

சின்னத் துப்பாக்கி சின்னக் கைக்கு ஏற்றது என்பது தப்பு. எடை குறைவாக இருந்தால் உதை, அதாவது சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளும் வேகம், கூடும். நான் 50 தோட்டா சுட்டு முடித்தபோது உள்ளங்கை சிவந்திருந்தது. 7 கெஜத்தில் இருந்த தாளில் பாதிக் குண்டுகள் படவே இல்லை. பட்டவை எல்லாம் இடது கீழ் மூலையில். பயிற்சியாளர் தோட்டா அடுக்கும் மேகசினை வாங்கி, எனக்குத் தெரியாமல் நடுநடுவே வெடிக்காத டம்மி தோட்டாக்களைக் கலந்து கொடுத்தார். மூன்றாவது முறை "டிக்" என்ற சத்தம் மட்டும் வந்தது. குண்டே இல்லை, ஆனாலும் குழல் கீழே குத்திக்கொண்டு போனது. வரப்போகும் உதைக்காகக் கை முன்கூட்டியே அமுக்கிவிடுகிறது. வலக்கைக்காரர்களுக்கு இடது கீழே குண்டு விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

பிறகு அவர் சின்னத் தோட்டா போடும் ஒரு .22 பிஸ்டலை, ருகர் மார்க் 4ஐ, கையில் கொடுத்தார். கனமான துப்பாக்கி, உதை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. பத்தே தோட்டாவில் ஓட்டைகள் எல்லாம் என் உள்ளங்கையால் மூடும் அளவுக்குள் வந்துவிட்டன. கை அதே கைதான்.

அப்படியானால் எதை வாங்குவது?

காசு அனுமதித்தால் முதலில் .22. ருகர் மார்க் 4ஐ ஒரு பொத்தானை அழுத்திப் பிரித்துச் சுத்தம் செய்யலாம். தோட்டாவும் 9 மி.மீ.யைவிட மிக மலிவு. மலிவாக இருந்தால்தான் வாராவாரம் போவீர்கள். வீட்டுப் பாதுகாப்புக்கு .22ஐ நம்பவேண்டாம். அந்தத் தோட்டா சில சமயம் வெடிக்காமல் போவது 9 மி.மீ.யைவிட அதிகம்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நடுத்தர அளவு 9 மி.மீ. நான் கடைசியில் வாங்கியது க்ளாக் 19. குழல் 4 அங்குலம், மேகசின் இல்லாமல் சுமார் 600 கிராம், 15 தோட்டா. இடுப்பில் மறைத்துக்கொண்டு திரியப்போவதில்லை, பெட்டிக்குள் இருக்கப்போகிறது. அப்புறம் எதற்குச் சிறியதைத் தேடவேண்டும்? குட்டை ரிவால்வரையும் புதியவர்களுக்குப் பரிந்துரைப்பார்கள். அதன் ட்ரிகர் இழுவை கனமானது, உதையும் பலம். நான் வேண்டாம் என்பேன்.

லேசர், விளக்கு மாட்டுவதையெல்லாம் தள்ளிப்போடுங்கள். தனி டார்ச் ஒன்று போதும். இரவில் சத்தம் கேட்டால் பிள்ளைகளை ஒரே அறைக்குள் சேர்த்து, கதவைப் பூட்டி, 911ஐ அழைப்பதுதான் எங்கள் வீட்டுத் திட்டம். துப்பாக்கி அந்த அறைக்குள் இருக்கும். வீடு முழுக்கத் தேடிக்கொண்டு போவதற்கு அல்ல.

பின்சேர்க்கை 1: "ஸ்லைடை இழுக்கவே முடியவில்லை அக்கா" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். (ஸ்லைடு என்பது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி.) பெரும்பாலும் பலம் காரணமில்லை, பிடிதான் காரணம். கையை நீட்டி வைத்துக்கொண்டு இழுக்காதீர்கள். குழல் ரேஞ்சின் முன்பக்கத்தைப் பார்த்தபடியே துப்பாக்கியை மார்புக்கு அருகே கொண்டுவாருங்கள். இடது உள்ளங்கையால் ஸ்லைடை மேலிருந்து இறுகப் பிடித்து அசையாமல் நிறுத்துங்கள். இப்போது வலது கையால் துப்பாக்கியை முன்னால் தள்ளுங்கள். ஸ்லைடை இழுக்கவில்லை, துப்பாக்கியைத் தள்ளுகிறீர்கள். அப்படியும் வராவிட்டால், அல்லது மூட்டுவலி இருந்தால், ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் எம் அண்ட் பி ஷீல்ட் ஈஸி 9 மி.மீ.யைச் சோதித்துப் பாருங்கள். ஸ்லைடு லேசாக வருவதற்கென்றே வடிவமைத்தது.

பின்சேர்க்கை 2: மேகசினில் தோட்டா ஏற்றக் கட்டைவிரல் வலிக்கிறது என்று ஒரு தோழி. மேக்லூலா என்ற தோட்டா ஏற்றும் கருவி ஒன்று வாங்குங்கள். ரேஞ்சிலிருந்து கிளம்பும்போது சோப்பு போட்டுப் பச்சைத் தண்ணீரில் கையையும் முகத்தையும் கழுவிவிட்டு வாருங்கள், ஈயத் தூள் ஒட்டியிருக்கும். அன்றைக்குப் போட்ட சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள்.