செகண்ட்ஸ் பாடுவது எப்படி? பிடித்த பாப் பாடல்களை வைத்தே ஹார்மனி பழகலாம்

ரொம்பப் பிடித்த ஒரு பாட்டைப் பாடிக்காட்டச் சொன்னால் யாராக இருந்தாலும் மெயின் மெட்டைத்தான் பாடுவார்கள். அதன் பக்கத்திலேயே ஓடும் இன்னொரு குரல் எத்தனையோ தடவை காதில் விழுந்திருக்கும், ஆனால் மனதில் நின்றிருக்காது. குன்னூரில் கிட்டாரும் கோரஸும் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகள் பலருக்கு நல்ல குரல், சுருதியும் சுத்தம். ஆனால் பக்கத்தில் ஒருவர் செகண்ட்ஸ் எடுத்தால் போதும், இவர்களும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். செகண்ட்ஸ் என்று எங்கள் மலை சர்ச் கொயர்களில் சொல்வது, மெட்டோடு சேர்ந்து வேறு சுரத்தில் போகும் இரண்டாவது குரலை. அதைக் கேட்கவும் பாடவும் நான் கொடுக்கும் பயிற்சியை இங்கே எழுதுகிறேன். தியரி தெரிய வேண்டாம். சரிகமபதநி ஏறி இறங்கத் தெரிந்தால் போதும்.

முதலில் என்ன வேண்டும்

ஒரு போன், ஒயர் உள்ள இயர்போன், சுரம் எடுக்கக் கீபோர்டோ ஹார்மோனியமோ கிட்டாரோ ஏதாவது ஒன்று. போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். பேஸ் கிட்டாரின் கனத்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அவ்வளவு கீழே உள்ள ஒலியை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் ஒழுங்காகத் தர முடியாது. அப்படிக் கேட்டால் பாட்டின் அடித்தளமே கிடைக்காமல் போய்விடும்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இன்னொரு விஷயம். குளிரில் கிட்டாரின் கம்பி சுருங்கி சுருதி ஏறும். புல்லாங்குழலுக்கு நேர்மாறாக, உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருதி இறங்கும். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது ஜீப்பை விட்டு இறங்கியதும் இரண்டும் சேராமல் அடம்பிடிப்பது இதனால்தான். பாடும் இடத்திலேயே ஐந்து நிமிடம் வாத்தியத்தை வைத்திருந்து, அப்புறம் சுருதி சேருங்கள்.

படி 1: பேஸை மட்டும் பாடுங்கள்

பென் ஈ. கிங் பாடி 1961-இல் வெளிவந்த 'ஸ்டாண்ட் பை மீ' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குரல் வருவதற்கு முன்பே பேஸ் வந்துவிடுவதால் ஆரம்பிப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியவில்லை. பாட்டு ஆறு கட்டை சுருதியில் இருக்கிறது, அதாவது 'ஏ'. நான்கு நான்கு எண்ணிக்கையாக எட்டு பார் வைத்துக்கொண்டால், பேஸ் நிற்கும் இடங்கள் இவை: ச, ச, கீழ் த, கீழ் த, ம, ப, ச, ச. அவ்வளவுதான். பாட்டு முழுக்க இதே எட்டு பார்தான் சுற்றிச் சுற்றி வரும்.

மெட்டை மறந்துவிட்டு, ஒவ்வொரு பாரின் முதல் தட்டிலும் அந்த இடத்தை மட்டும் "ம்ம்" என்று பாடுங்கள். மெட்டின் பக்கம் வாய் தானாக ஓடும், விடாதீர்கள். தடுமாற்றம் நின்றதும் ஒன்றைக் கவனியுங்கள். சரணத்துக்கும் பல்லவிக்கும் கீழே துளி மாற்றமும் இல்லை. ஆனாலும் பாட்டு பெரிதாகிக்கொண்டே போவதாகத் தோன்றுகிறதே, எதனால்? மேலே பாடகர் குரலை உயர்த்துகிறார், வயலின்கள் வந்து சேர்கின்றன. கீழே அசையாமல் ஒன்று நிற்பதால்தான் மேலே ஏறுவது நமக்கு ஏற்றமாகக் கேட்கிறது. பேஸைத் தனியாகப் பாடிப் பார்க்காதவருக்கு இதை எவ்வளவு விளக்கினாலும் பிடிபடாது.

படி 2: ஒரே சுரம், நாலு கார்ட்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் செய்து பார்ப்பேன் என்றால், இதைச் செய்யுங்கள். ஹார்மனி என்பது மெட்டுக்கு மேல் தூவும் அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அது சுரத்தின் குணத்தையே மாற்றுகிறது.

ஒரு கட்டை சுருதியில் 'ச' பிடியுங்கள், அதாவது 'சி'. நீளமாக, ஆடாமல். கீபோர்டில் இந்தக் கார்ட்களை, அதாவது ஒரே நேரத்தில் சேர்த்து வாசிக்கும் மூன்று சுரங்களை, ஒவ்வொன்றாக மெதுவாக வாசியுங்கள். கூட ஒரு ஆள் இருந்தால் அவரை வாசிக்கச் சொல்லுங்கள்.

சி மேஜர்: சி, ஈ, ஜி. நீங்கள் பாடும் ச-தான் இங்கே அஸ்திவாரம். எதுவும் ஆடாது, குரல் கெட்டியாக உட்காரும்.

ஏ மைனர்: ஏ, சி, ஈ. நீங்கள் அதே ச-வில்தான் இருக்கிறீர்கள். ஆனால் இப்போது அது கார்டின் நடுச் சுரம். கார்ட் பளிச்சென்று கேட்கும் மேஜரா, சோகமாகக் கேட்கும் மைனரா என்று தீர்மானிப்பதே இந்த நடுச் சுரம்தான். கொஞ்சம் முன்பு உறுதியாக இருந்த சுரத்தில் இப்போது ஒரு ஏக்கம் ஏறியிருக்கும்.

எஃப் மேஜர்: எஃப், ஏ, சி. ச இங்கே கார்டின் உச்சியில் இருக்கிறது. வெளிச்சமாகவும் லேசாகவும் கேட்கும்.

ஜி மேஜர்: ஜி, பி, டி. இதில் ச கிடையாது. நீங்கள் பாடுவது கார்டில் உள்ள 'பி'-யோடு அரைச் சுரத்தில் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கீகளின் இடைவெளி) உரசும். பதறாதீர்கள், ச-வை விடாமல் இரண்டு எண்ணிக்கை பிடித்துக்கொண்டு, பிறகு மெதுவாக நி-க்கு இறங்குங்கள். அந்த உரசல் தீரும்போது மூச்சு வெளியேறுவதைப் போல ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியை வரவழைக்கவே பாட்டு அமைப்பவர்கள் வேண்டுமென்று உரசலை வைக்கிறார்கள்.

கோத்தகிரியிலிருந்து வரும் ஒரு பெண் இந்த இடத்தில், "அக்கா, நான் சுரத்தை மாத்தவே இல்லையே, எப்படி வேற மாதிரி கேட்குது?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அன்றாடம் கேட்கும் பாட்டுகளில் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடியும் அலுக்காத வரிகள் எத்தனை இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். அங்கெல்லாம் கீழே கார்ட் நகர்ந்துகொண்டிருக்கும்.

படி 3: இரண்டு குரல்களைப் பிரித்துக் கேட்பது

எவர்லி பிரதர்ஸ் 1958-இல் வெளியிட்ட 'ஆல் ஐ ஹாவ் டு டூ இஸ் ட்ரீம்'. அண்ணன் டான் கீழ்க் குரல், தம்பி ஃபில் மேல் குரல். மெட்டு இருப்பது கீழே. மேலே இருப்பது செகண்ட்ஸ். மேலே கேட்பதே மெட்டு என்று நம் காது பழகியிருப்பதால் முதலில் குழப்பும்.

சங்கராபரண ராகத்தின் (மேற்கத்திய மேஜர் ஸ்கேல்) சுரங்களில் வைத்துப் பார்த்தால் விஷயம் எளிது. ஒருவர் ச பாடினால் மற்றவர் க, ரி-க்கு ம, க-வுக்கு ப. ஒரு சுரம் விட்டு அடுத்த சுரம். இதைத்தான் தேர்ட்ஸ் என்கிறோம். இதில் நுணுக்கம் என்னவென்றால், இடைவெளி எப்போதும் ஒரே அளவு இல்லை. ச-வுக்கும் க-வுக்கும் நடுவில் நாலு அரைச் சுரம், ரி-க்கும் ம-வுக்கும் மூன்றுதான். அதனால் கூடவே ஒட்டிப்போகும் குரல் ஒரு கணம் மேஜராகவும் அடுத்த கணம் மைனராகவும் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். இந்தச் சகோதரர்களின் பாட்டில் உள்ள இனிப்பும் லேசான சோகமும் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன என்பது என் கணிப்பு.

பயிற்சி: முதலில் சங்கராபரண ஆரோகணத்தை கீபோர்டில் ச-விலிருந்து வாசித்துக்கொண்டே, வாயால் க-விலிருந்து ஏறுங்கள். அது நின்றதும் பாட்டுக்கு வாருங்கள். ஒரு தடவை டானை மட்டும் பின்தொடருங்கள், இன்னொரு தடவை ஃபிலை மட்டும். பிறகு ஃபிலின் வரியைப் பாட்டோடு சேர்ந்து பாடுங்கள். வரியின் நடுவில் ஒலியை அணைத்துவிட்டு நீங்கள் மட்டும் தொடருங்கள். மறுபடி ஒலியைக் கூட்டும்போது அதே சுரத்தில் இருக்கிறீர்களா என்பதுதான் சோதனை.

அறுபதுகளின் பல ஸ்டீரியோ பதிவுகளில் குரல் ஒரு பக்கம், வாத்தியம் இன்னொரு பக்கம் என்று பிரிந்திருக்கும். ஒரு காது இயர்போனைக் கழற்றிக் கேட்டால் குரல் மட்டும் தெளிவாகக் கிடைக்கும்.

படி 4: ஆடாத சுரம், ஒன்றாக முடியும் வார்த்தை

கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் சிரமம். க-வை அசைத்துப் பாடி வளர்ந்த குரல் இது. தனியாகப் பாடும்போது கமகம் என்கிற அந்த அசைவுதான் உயிர். ஆனால் இரண்டு குரல் சேரும்போது ஒருவர் அசைத்து மற்றவர் நேராக நின்றால் கார்ட் கலைந்துவிடும். இருவரும் சேர்ந்து அசைக்கலாம், அல்லது இருவரும் நேராக நிற்கலாம். ஆரம்பத்தில் நேராக நிற்கப் பழகுங்கள்.

சுருதிப் பெட்டியைப் போட்டு அதே ச-வைப் பாடுங்கள். பிறகு ஒரு இழை மட்டும் மேலே தள்ளுங்கள். "வாவ்-வாவ்" என்று ஒலி அதிரும். 440 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் 442 ஒலித்தால் நொடிக்கு இரண்டு அதிர்வு. மெல்லக் கீழே வந்தால் அதிர்வு நிதானமாகி நின்றுவிடும். நல்ல கொயரில் சுரங்கள் "பூட்டிக்கொள்வது" இப்படித்தான்.

சுரம் சரியாக இருந்தும் ஒட்டாமல் கேட்டால் உயிரெழுத்தைப் பாருங்கள். ஒருவர் 'ஆ'-வை வாயை அகலத் திறந்தும் மற்றவர் வட்டமாகவும் பாடினால் ஒட்டாது. வார்த்தை முடியும் இடத்தையும் பாருங்கள். 'ஸ்' சத்தம் ஆளுக்கொரு நேரத்தில் வந்தால் அருமையான ஹார்மனியும் கந்தலாகக் கேட்கும். எந்தத் தட்டில் மூச்சு, எந்தத் தட்டில் முடிவு என்று பென்சிலால் வரியின் மேல் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: மூன்று குரல்

பீட்டில்ஸின் 'திஸ் பாய்', 1963. லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூவரும் சேர்ந்து பாடுகிறார்கள். மேல் குரலும் கீழ் குரலும் எளிதில் கிடைக்கும். நடுக் குரலைத்தான் தேட வேண்டும். தனியாக எடுத்துப் பாடினால் அதில் மெட்டு என்று சொல்ல ஒன்றுமே இருக்காது, பக்கத்துப் பக்கத்துச் சுரங்களில் நகர்ந்துகொண்டிருக்கும். எனக்கு எப்போதும் அந்தக் குரல் மேல்தான் பாசம். அதை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் மெலிந்துபோகும்.

இந்தப் பாட்டில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது நடுப்பகுதியை. அதுவரை மூன்று குரலும் இறுகப் பின்னி, அடக்கமாகப் போகும். திடீரென்று லெனன் மட்டும் முன்னே வந்து குரலை உயர்த்துகிறார், மற்றவர்கள் "ஊ" என்று பின்னணிக்குப் போய்விடுகிறார்கள். அவர் அங்கே கத்துவது நெஞ்சைத் தொடுகிறதென்றால், அதற்கு முன்பு அவ்வளவு நேரம் கட்டுப்பாட்டோடு பாடியதே காரணம். பிறகு மூவரும் பழைய இடத்துக்கே திரும்புகிறார்கள். எங்கே சேர்ந்து பாடுவது, எங்கே தனியாக விடுவது என்று முடிவெடுப்பதும் ஹார்மனி அமைப்பதில் சேர்ந்ததுதான்.

படி 6: ஒட்டாமல் போகும் இரண்டு வரிகள்

தமிழில் கேட்க வேண்டுமென்றால் இளையராஜாவின் 'என் கண்மணி', 'சிட்டுக்குருவி' படம், 1978. எஸ்.பி.பாலசுப்ரமணியமும் பி.சுசீலாவும் பாடியது. இங்கே தேர்ட்ஸ் கணக்கு உதவாது. ஒரு மெட்டுக்கு இன்னொன்று துணை போவதில்லை, இரண்டு வரிகள் தனித்தனியாக ஓடி ஒன்றின் இடைவெளியில் மற்றது புகுந்துகொள்கிறது. இதற்குப் பெயர் கவுன்ட்டர்பாயின்ட். முதல் ஐந்து படிகளும் கைவந்த பிறகு இதற்கு வாருங்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு வரி எடுத்துத் தாளம் போட்டுப் பாடிவிட்டு, அடுத்த சுற்றில் வரியை மாற்றிக்கொள்ளுங்கள்.

தனியாகப் பழகுபவர்களுக்கு

போனில் மெயின் மெட்டைப் பதிவு செய்யுங்கள். இயர்போனில் அதைக் கேட்டுக்கொண்டே இன்னொரு போனில் செகண்ட்ஸைப் பாடிப் பதியுங்கள். புளூடூத் இயர்போன் வேண்டாம், ஒலி தாமதமாக வந்து தாளம் தப்பும். மெயின் மெட்டின் பக்கம் சாய்கிறீர்கள் என்றால் அதன் ஒலியைப் பாதியாகக் குறையுங்கள், பழகப் பழகக் கூட்டிக்கொள்ளலாம். வார்த்தை இல்லாமல் "நூ" என்று பாடி ஆரம்பிப்பது நல்லது. நாலு வரி போதும், முழுப் பாட்டும் முதல் வாரமே வேண்டாம். இரண்டு பதிவையும் ஒன்றாக ஓடவிட்டுக் கேட்கும்போது எந்தச் சுரத்தில் அதிர்வு வருகிறது என்று குறித்துவைத்து, அடுத்த நாள் அந்தச் சுரத்தை மட்டும் சுருதிப் பெட்டியோடு பாடுங்கள்.