பிள்ளைகளின் பொழுதுபோக்குத் திரைநேரத்தைக் கணக்கெடுப்பது எப்படி?

முதலில் வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். நவம்பரில் டெல்லியில் புகைமூட்டம் ஏறினால் வகுப்பெல்லாம் ஆன்லைனுக்குப் போய்விடும். அந்த வாரக் கணக்கு உதவாது. பரீட்சை, தீபாவளி வாரங்களும் வேண்டாம். பள்ளி ஒழுங்காக நடக்கும் ஏழு நாட்கள், சனி ஞாயிறும் சேர்த்து.

"எவ்வளவு நேரம்டா பார்க்கிறே?" என்று கேட்டு எழுதிக்கொள்வதில் பயனில்லை. அவன் பொய் சொல்வான் என்பதற்காக அல்ல. ஐந்து ஐந்து நிமிடமாகப் பார்த்ததைப் பெரியவர்களாலும் கூட்டிச் சொல்ல முடியாது. எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் என்று காட்ட ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கும் கண்காணிப்பு ஆப் எதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். பிள்ளையிடம் சொல்லிவிட்டே எடுங்கள், இல்லாவிட்டால் அம்மா போனுக்குத் தாவிவிடுவான். தினமும் படுக்கும் முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும்.

சிக்கலே யூடியூபில்தான். 2 மணி 10 நிமிடம் என்று காட்டும். அதில் டிரிக்னாமெட்ரி எவ்வளவு, கிரிக்கெட் எவ்வளவு? போனுக்குத் தெரியாது. அதனால் பாட வீடியோ குரோமில் மட்டும், யூடியூப் ஆப் பொழுதுபோக்குக்கு மட்டும் என்று பிரித்துவிடுங்கள். அப்படியும் டீச்சர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் லிங்கைத் தொட்டால் நேராக யூடியூப் ஆப்தான் திறக்கும்! ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ஆப்ஸ், யூடியூப், ஓப்பன் பை டீஃபால்ட் என்று போய், லிங்க் திறக்கும் அனுமதியை அணைத்துவிடுங்கள். இனி அது பிரவுசரில் திறக்கும். வாட்ஸ்அப்பையே பிரிக்க முயலாதீர்கள், ஹோம்வொர்க்கும் அரட்டையும் அதில் பின்னிக் கிடக்கும். தனி வரியாக எழுதி வையுங்கள்.

அப்புறம் டிவி. அதை நோட்டில்தான் குறிக்க வேண்டும். டிவியில் ஐபிஎல், கையில் ரீல்ஸ் என்றால் அந்த ஒரு மணி நேரம் ஒரு மணி நேரம்தான், இரண்டாக்காதீர்கள்.

ஏழு நாளும் இருந்தால் கூட்டி ஏழால் வகுங்கள். நடுவில் நாள் விட்டுப்போனால் பள்ளி நாள் சராசரியை 5ஆலும் விடுமுறைச் சராசரியை 2ஆலும் பெருக்கிக் கூட்டி, பிறகு வகுங்கள். பள்ளி நாளில் 2 மணி நேரம், விடுமுறையில் 5 மணி நேரம் என்றால் வருவது சுமார் 2 மணி 51 நிமிடம். சும்மா இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 3½ என்று ஊதிக் காட்டும்.

எல்லோரும் சொல்லும் 2 மணி நேர வரம்பு கனடா வழிகாட்டியில் இருப்பது, அதுவும் பொழுதுபோக்குக்கு மட்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் 5–17 வயதினருக்குக் குறைக்கச் சொன்னதோடு சரி, மணிக்கணக்கு எதுவும் தரவில்லை.

பிற்சேர்க்கை: மயூர் விஹார் அக்கா ஒருவர், மகள் ஐபேட் கணக்கில் தான் பார்த்த நள்ளிரவுச் சீரியல் எப்படி வந்தது என்று கேட்டிருந்தார். இருவருக்கும் ஒரே ஆப்பிள் ஐடி, அதனால் இரண்டு கருவிகளின் நேரமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. ஸ்கிரீன் டைமில் ஷேர் அக்ராஸ் டிவைசஸை இரண்டிலும் அணைத்துவிட்டு, மறுநாளிலிருந்து புதிதாகக் கணக்கெடுங்கள், அக்கா.